கொட்டாங்குச்சிக் கரியும் பாலாற்றங்கரைக் கிணறும்



தேங்காயை உடைத்தால் பருப்பு நமக்கு, கொட்டாங்குச்சி அடுப்புக்கு. கடலையை உரித்தால் பருப்பு செக்குக்கு, ஓடு குப்பைக்கு. நெல்லைக் குத்தினால் அரிசி பானைக்கு, உமி களத்து மூலைக்கு. மட்டையிலிருந்து கயிறு திரித்த பிறகு மிஞ்சுகிற நார்த்தூளோ சாலையோரத்தில் மலை மாதிரி கிடக்கும். இவை எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கிற பெயர் ஒன்றே ஒன்றுதான்: கழிவு.

இந்தக் கழிவைக் கரியாக்கி, அந்தக் கரியை முறைப்படி பக்குவம் செய்தால், அது தண்ணீரில் கரைந்து வருகிற ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் போன்ற நச்சு உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய இது உதவும். அந்தப் பக்குவம் செய்த கரிக்கு ஆக்டிவேட்டட் கார்பன் என்று பெயர். தமிழில் கிளர்வூட்டிய கரி என்று சொல்லலாம். இதை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள், அது எந்தெந்த ஊர் சுற்றி நம்மிடம் வந்து சேர்ந்தது, அதனால் எது ஆகும், எது ஆகாது என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். பழைய கதைதானே என்று விட்டுவிடாதீர்கள். நம்முடைய கிணறும் நிலமும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

புளிப்புக் கரைசலில் போட்ட கரி

கரிக்கு நாற்றத்தை அடக்குகிற குணம் உண்டு என்பது மிகப் பழைய காலத்திலேயே தெரிந்த சங்கதி. எகிப்து நாட்டில் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட மருத்துவச் சுவடிகளிலேயே கரியைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. நம் வீட்டில் உமிக்கரியால் பல் துலக்கியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் கரி ஏன் அப்படிச் செய்கிறது என்று சோதித்துப் பார்த்தது பிற்காலத்தில்தான்.

1773ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்பவர், கரி காற்றை உள்ளிழுத்து வைத்துக்கொள்கிறது என்று அளந்து காட்டினார். அடுத்து 1785ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் லோவிட்ஸ் என்ற மருந்து நிபுணர் டார்டாரிக் அமிலம் தயாரித்துக்கொண்டிருந்தார். நம்ம புளியில் இருக்கிற அதே அமிலம்தான். அவருக்குக் கிடைத்த கரைசல் பழுப்பு நிறமாக இருந்தது. அதில் கரித்தூளைப் போட்டு வடிகட்டினார். கரைசல் தெளிந்துவிட்டது. அழுகல் நாற்றம் அடித்த தண்ணீரையும் கரியால் சரி செய்யலாம் என்று அவரே பிறகு எழுதி வைத்தார்.

இந்தச் செய்தி முதலில் யாருக்குப் பயன்பட்டது தெரியுமா? சர்க்கரை ஆலைக்காரர்களுக்கு. 1794 வாக்கில் இங்கிலாந்தில் ஒரு சர்க்கரை ஆலை மரக்கரியைப் போட்டுப் பாகின் நிறத்தை எடுத்தது. அதன் பிறகு 1812ஐ ஒட்டி எலும்புக்கரி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வெல்லம் காய்ச்சுகிற நமக்குப் பாகின் நிறத்தை எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் சாதாரண அடுப்புக்கரிக்கு இந்தச் சக்தி கொஞ்சம்தான். அதைப் பல மடங்கு பெருக்குவதற்கு வழி கண்டவர் ஆஸ்த்ரைகோ என்பவர். 1900, 1901ஆம் ஆண்டுகளில் அவர் இரண்டு முறைகளுக்குக் காப்புரிமை வாங்கினார். ஒன்று, மரப்பொருளோடு துத்தநாக குளோரைடு போன்ற உப்பைக் கலந்து சூடாக்குவது. மற்றொன்று, கரியைச் செக்கச்செவேல் என்று பழுக்கக் காய்ச்சி அதன் மேல் நீராவியைப் பாய்ச்சுவது. இன்றைக்கும் உலகத்தில் ஆக்டிவேட்டட் கார்பன் செய்கிற ஆலைகள் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில்தான் நடக்கின்றன.

நீராவி பாய்ந்தால் கரிக்குள் என்ன நடக்கிறது? கரிக்குள்ளே இருக்கும் தார் போன்ற அடைப்புகள் எரிந்துபோய், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் திறந்துகொள்கின்றன. தேன்கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூடு கையளவுதான், ஆனால் உள்ளே எத்தனை அறைகள்! நல்ல கரி ஒரு கிராமை எடுத்து, அந்தத் துளைகளின் சுவர்களை எல்லாம் பிரித்து விரித்துப் போட முடிந்தால், சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு வரும். நம்ம கணக்கில் 25 சென்ட் நிலம். ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர் ஒளிந்திருக்கிறது. தண்ணீரில் வருகிற அழுக்கு அந்தக் கால் ஏக்கர் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது.

போர்க்களத்துக்குப் போன பழக்கொட்டை

மர ஓடுகளுக்கும் பழக்கொட்டைகளுக்கும் மதிப்பு வந்தது ஒரு கொடுமையான காரணத்தால். முதல் உலகப்போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் ஊர்ப் பக்கம் ஜெர்மானியப் படை குளோரின் விஷவாயுவைத் திறந்துவிட்டது. சிப்பாய்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அதே ஆண்டு ரஷ்ய விஞ்ஞானி செலின்ஸ்கி, மரக்கரியை அடைத்த முகமூடியைச் செய்து கொடுத்தார். காற்று கரி வழியாகப் புகுந்து வரும்போது விஷம் கரியிலேயே தங்கிவிடும்.

பிறகு அமெரிக்கர்கள் போருக்கு வந்தபோது எந்தக் கரி சிறந்தது என்று ஆராய்ந்தார்கள். கொட்டாங்குச்சிக் கரி முதலிடத்தில் நின்றது. கொட்டாங்குச்சி கெட்டியானது, அதன் கரியில் வருகிற துளைகள் மிக நுண்ணியவை. ஆனால் தேங்காய் அந்த நாட்டில் வேண்டிய அளவு கிடைக்குமா? ஆகவே 1918ல் அமெரிக்க அரசாங்கம் தன் மக்களிடம், பீச், பிளம், செர்ரி, ஆப்ரிகாட் பழங்களைத் தின்றுவிட்டுக் கொட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள், சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. வீட்டுக்கு வீடு பழக்கொட்டை சேர்த்தார்கள். குப்பை என்று நினைத்தது சிப்பாயின் உயிரைக் காக்கும் பொருளாயிற்று.

போர் முடிந்த பிறகு அதே கரி குடிதண்ணீருக்கு வந்தது. 1930ஐ ஒட்டி ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் நகரக் குடிநீர் நிலையங்கள் கெட்ட வாடையையும் ருசியையும் போக்கக் கரியைப் பயன்படுத்தத் தொடங்கின.

கரி பிடித்த தங்கம்

இதுவரை சொன்னது நிறம், நாற்றம், வாயு. உலோகம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அங்கே தங்கம் குறுக்கே வருகிறது.

தங்கச் சுரங்கத்தில் பாறையைப் பொடி செய்து சயனைடு கரைசலில் போடுவார்கள். தங்கம் அதில் கரைந்துவிடும். கரைந்த தங்கத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமே, அதற்குக் கரியைப் போடலாம் என்று 1894லேயே ஒருவர் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அந்தக் காலத்தில் தங்கம் பிடித்த கரியை எரித்துத்தான் தங்கத்தை எடுக்க முடிந்தது. கரியும் போயிற்று. கட்டுப்படியாகவில்லை. 1950களில் அமெரிக்கச் சுரங்கத் துறையில் சாட்ரா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், கரியை எரிக்காமல் சூடான காரக் கரைசலால் கழுவியே தங்கத்தை இறக்கும் முறையைக் கண்டார்கள். 1973ல் தெற்கு டகோட்டாவில் இருந்த ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் அது பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு தங்கச் சுரங்கங்கள் விரும்பிக் கேட்கிற கரி எது? கொட்டாங்குச்சிக் கரிதான். கலக்கும்போது உடைந்து தூளாகாது என்பதால்.

1970களில் இலங்கையில் சிரட்டைக்கரியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில் வேரூன்றியது. நம் கொங்கு நாட்டிலும் காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் தேங்காய்க் களங்களை ஒட்டித் தொட்டிக்கரி வியாபாரம் வளர்ந்தது. அங்கே கொட்டாங்குச்சியைத் தொட்டி என்றுதான் சொல்வார்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இரண்டு. கரியால் தண்ணீரில் கரைந்த உலோகத்தைப் பிடிக்க முடியும். பிடித்ததைத் திரும்பக் கழற்றவும் முடியும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் நெல்வயலின் பாடம்

தங்கத்தை எடுக்க ஆசை இருந்தது. விஷ உலோகத்தை எடுக்க யாருக்கு அக்கறை? அந்த அக்கறையை உலகத்துக்குக் கொண்டு வந்தது ஒரு நெல்வயல்.

ஜப்பானில் தோயாமா மாவட்டத்தில் ஜின்சு என்று ஓர் ஆறு. ஆற்றின் மேல்பக்கம் துத்தநாகச் சுரங்கம். சுரங்கக் கழிவில் இருந்த காட்மியம் ஆற்றில் இறங்கி, ஆற்றிலிருந்து வாய்க்காலில் இறங்கி, வாய்க்காலிலிருந்து வயலில் இறங்கியது. நெற்பயிர் அதை உறிஞ்சி அரிசியில் வைத்தது. அந்த அரிசியைப் பல வருஷம் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, எலும்பு மெலிந்து ஒடிந்தது. பெரும்பாலும் வயதான பெண்கள். வலி தாங்காமல் 'இதாய் இதாய்' என்று அலறினார்களாம். 'வலிக்குதே, வலிக்குதே' என்று அர்த்தம். அதுவே நோயின் பெயராகிவிட்டது. 1968ல் ஜப்பான் அரசாங்கம் இது சுரங்கக் கழிவால் வந்த நோய்தான் என்று ஒப்புக்கொண்டது. நீதிமன்றத்தில் மக்கள் பக்கமே தீர்ப்பானது.

தீர்ப்பு வந்தால் நிலம் சரியாகிவிடுமா? அதுதான் இல்லை. கெட்ட மேல்மண்ணை அகற்றிப் புது மண் போடும் வேலை 1979ல் தொடங்கி 2012 வரை நடந்தது. 33 ஆண்டுகள். 860 ஹெக்டேருக்கு மேல் வயலை இப்படித் திருத்தினார்கள். ஒரு தலைமுறை உழவர்களின் காலம் அதிலேயே போய்விட்டது.

ஏன் இவ்வளவு பாடு? எருவோ சாணமோ மண்ணில் விழுந்தால் மக்கிவிடும். பூச்சிமருந்துகூட நாளாவட்டத்தில் சிதையும். உலோகம் மக்காது, சிதையாது, எரித்தாலும் போகாது. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றத்தான் முடியும். ஆகவே நிலத்துக்கு வருவதற்கு முன்னால், கரைந்த தண்ணீரிலேயே அதைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் பலமாயிற்று.

பாலாற்றங்கரை

இதே கதை நம் நாட்டில் வேறு உருவத்தில் வந்தது. ஒரு காலத்தில் நம்மிடம் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டையும் கடுக்காயும். 1900களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னையில் குரோமியம் உப்பால் தோல் பதனிடும் முறையைச் சோதித்துப் பரப்பினார். ஆனாலும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் பட்டை முறைதான் அதிகம். 1970களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு வைத்து, முழுதாக முடித்த தோலாக அனுப்பச் சொன்னது. அதன் பிறகு குரோமிய முறை வேகமாகப் பரவியது. பட்டை முறையில் பல நாட்கள் ஆகிற வேலை இதில் சீக்கிரம் முடிந்துவிடும்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் ஆலைகள் பெருகின. கழிவு ஏரியிலும் ஆற்றிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று 1991ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்டு 28ல் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ முடித்த தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்றும் அந்தத் தீர்ப்பில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த நிலக் கணக்கைச் சொன்னது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டதற்கு இந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். பாதிக்கப்பட்ட உழவர் குடும்பங்களுக்கு இழப்பீடு கணக்கிடத் தனி ஆணையமும் அமைந்தது. அப்படியும் பாலாற்றின் பாடு தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்லி, இழப்பீட்டைக் கொடுங்கள், ஆற்றைச் சீர்படுத்தக் குழு அமையுங்கள் என்று உத்தரவிட வேண்டி வந்தது.

ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளுக்குக் குரோமிய உப்பு செய்து கொடுத்த ஒரு தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டது. ஆலைதான் மூடியது; அது கொட்டிய லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு அங்கேயே கிடந்து, ஒவ்வொரு மழைக்கும் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. தோல் ஆலைக் குரோமியத்தைவிட இது கொடியது. இதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். தண்ணீரை மஞ்சளாக்கும், எளிதாகக் கரைந்து தூரம் போகும், புற்றுநோய் தரக்கூடியது.

கடலை ஓடும் நார்த்தூளும்

இந்த நேரத்தில்தான் நம்ம ஊர் ஆராய்ச்சிக்கூடங்கள் நம்ம ஊர்க் கழிவின் பக்கம் திரும்பின. கடையில் விற்கிற உயர்ந்த ரகக் கரி விலை அதிகம். சின்ன ஆலைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. பணமில்லை என்றால் அவர் என்ன செய்வார்? இரவோடு இரவாக வாய்க்காலில் திறந்துவிடுவார். ஆகவே மலிவாகக் கிடைக்கிற பொருளில் கரி செய்தால் என்ன என்று யோசித்தார்கள்.

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் 1990களில் இந்த வேலையை வரிசையாகச் செய்தார்கள். பெரியசாமி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து நிலக்கடலை ஓட்டை எடுத்துக்கொண்டார். அதைக் கந்தக அமிலத்தில் வாட்டிக் கரியாக்கி, சோடியம் பைகார்பனேட் கரைசலில் ஊறவைத்தார்கள். நாம் ஆப்பசோடா என்கிறோமே, அதுதான். அந்தக் கரியால் பாதரசத்தையும், பிறகு காட்மியத்தையும், தாமிரத்தையும் தண்ணீரிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். கடையில் வாங்கிய குருணைக் கரியோடு ஒப்பிட்டபோது கடலை ஓட்டுக் கரி பல மடங்கு அதிகமாக உலோகம் பிடித்தது. தாமிர முலாம் பூசும் பட்டறைக் கழிவுநீரிலும் சோதித்தார்கள். கதிர்வேலு என்ற ஆய்வாளரோடு தென்னை நார்த்தூளைக் கரியாக்கிக் காட்மியத்தைப் பிடித்தது 2003ல் வெளிவந்தது. உலகெங்கும் உமி, கரும்புச் சக்கை, வேர்க்கடலை ஓடு, பருத்திமார் என்று இதைத் தொடர்ந்து நடந்த ஆராய்ச்சிகளுக்குக் கணக்கில்லை.

விலை கொடுத்து வாங்கிய கரியை ஓட்டுக்கரி எப்படி மிஞ்சியது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. உலோகத்தைப் பிடிக்கத் துளை மட்டும் போதாது. துளையின் சுவரில் கட்டுத்தறி வேண்டும். தொழுவம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முளைக்குச்சி இல்லாவிட்டால் மாடு நிற்குமா? அமிலத்தில் வாட்டும்போது கரியின் சுவரில் ஆக்சிஜன் சேர்ந்த சின்னச் சின்ன முளைகள் உண்டாகின்றன. அவை எதிர்மின் தன்மை கொண்டவை. ஈயம், காட்மியம், தாமிரம் எல்லாம் தண்ணீரில் நேர்மின் தன்மையோடு திரிபவை. போய்க் கட்டிக்கொள்கின்றன.

தண்ணீர் ரொம்பப் புளிப்பாக இருந்தால் அமிலமே முந்திப்போய் எல்லா முளையையும் பிடித்துக்கொள்ளும். உலோகத்துக்கு இடம் இருக்காது. ஆகவே இந்த உலோகங்களுக்குக் கார அமில நிலை 5, 6 பக்கம் இருப்பது நல்லது. ஆறு இணைதிறன் குரோமியம் மட்டும் நேர்மாறு. அது எதிர்மின் தன்மையோடு வருகிறது. அதற்குப் புளிப்பான தண்ணீர்தான் தோது. அந்தத் தண்ணீரில் கரி இன்னொரு நன்மையும் செய்கிறது: ஆறு இணைதிறன் குரோமியத்தை நஞ்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றிவிடும்.

கரி செய்யும், கரி செய்யாது

இவ்வளவு கேட்ட பிறகு, "அப்படின்னா நம்ம கிணத்துல ரெண்டு மூட்டைக் கரியைப் போட்டா சரியாப் போயிடுமா சார்?" என்று கேட்பீர்கள். கூட்டங்களில் கேட்கிறார்கள். ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலாவது, உப்பு. பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்ததில் பெரும் பங்கு, தோல் கெடாமல் இருக்கப் போடுகிற உப்புக்கு உண்டு. நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயக்கழிவிலும் உப்புதான் அதிகம். கரி சாயத்தைப் பிடிக்கும், உலோகத்தைப் பிடிக்கும், உப்பைத் தொடாது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும். வாயில் வைத்தால் கரிக்கும். தெளிவைப் பார்த்து யாரும் ஏமாறக் கூடாது.

இரண்டாவது, அளவு. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஓர் ஆலை நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் கழிவுநீர் விடுகிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் உலோகம் இருக்கிறது. மொத்தம் 1 கிலோ உலோகம். ஒரு கிராம் கரி 20 மில்லிகிராம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், தினமும் 50 கிலோ கரி வேண்டும். கட்டுப்படியாகுமா? ஆகவே முறை என்னவென்றால், முதலில் சுண்ணாம்பு போன்ற காரத்தைப் போட்டுப் பெரும்பகுதி உலோகத்தை வண்டலாகப் படிய வைக்க வேண்டும். தெளிந்த நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் மிச்சம் என்றால், அதே கணக்கில் 5 கிலோ கரி போதும். மிச்சத்தை வழிக்கிற வேலைக்குத்தான் கரி. எடுத்த எடுப்பில் கரி அல்ல.

மூன்றாவது, கரி நிரம்பிவிடும். முளை எல்லாம் நிரம்பிய பிறகு வருகிற உலோகம் அப்படியே வெளியே போகும். எப்போது நிரம்பியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனைக்கூடத்தில்தான் தெரியும். குடிதண்ணீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், ஈயம் 0.01, காட்மியம் 0.003 என்பதுதான் நம் நாட்டு அளவு. இந்த நுண்ணளவை நாக்கும் மூக்கும் அறியாது.

நான்காவதுதான் மிக முக்கியம். உலோகம் பிடித்த கரி எங்கே போகிறது? பிடித்ததைக் கழற்ற முடியும் என்று தங்கச் சுரங்கக் கதையில் சொன்னேன் அல்லவா? ஈயமும் காட்மியமும் பிடித்த கரியில் அமிலம் பட்டால் அது உலோகத்தை விட்டுவிடும். முறையாகச் செய்தால் இது நல்லது. ஆலையிலேயே அமிலத்தால் கழுவி உலோகத்தை மீட்டுவிட்டுக் கரியை மறுபடியும் பயன்படுத்தலாம். ஆனால் அந்தக் கரியைக் குப்பையில் கொட்டினால், புளித்த குப்பைத் தண்ணீரே அதைக் கழுவி நிலத்தில் இறக்கிவிடும். "கரித்தூள் சும்மா தர்றோம், வயலுக்கு உரமாப் போடுங்க" என்று யாராவது லாரியில் கொண்டு வந்தால் வாங்காதீர்கள். உமியை எரித்த கரி வேறு, ஆலைச் சாக்கடையில் ஊறிய கரி வேறு. இரண்டும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஜப்பானில் மண்ணை வெட்டி அகற்ற 33 ஆண்டுகள் ஆனதை மறக்க வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது

கொட்டாங்குச்சி, கடலை ஓடு, நார்த்தூள் வைத்திருப்பவர்கள், அதை வாங்க ஆள் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் திறந்த குழியில் கரி சுட்டுத் தண்ணீர் ஊற்றி அணைக்கும் வேலையை ஊருக்குள், கிணற்றுப் பக்கத்தில் விடாதீர்கள். அந்தப் புகையில் தார் இருக்கிறது. அணைத்த தண்ணீரோடு அந்தத் தார் பூமிக்குள் இறங்கினால் கிணறு கெடும். தண்ணீரைச் சுத்தம் செய்கிற கரியைச் செய்வதற்காக ஒருவர் கிணற்றைக் கெடுப்பது எந்த ஊர் நியாயம்? மூடிய உலையில் சுட்டு, புகையையும் எரித்துவிடுகிற முறைகள் வந்திருக்கின்றன. அப்படிச் சுடச் சொல்லிக் கேளுங்கள்.

ஆலைக்கழிவு கலக்கிற வாய்க்காலில் பாசனம் செய்பவர்கள், மண்ணையும் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது, வழக்கமான உப்பு, கார அமில நிலை, தழை மணி சாம்பல் சத்து மட்டும் போதாது, கன உலோகமும் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் பார்க்க மாட்டார்கள். காட்மியம் உள்ள நிலத்தில் மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பு இட்டுச் சரி செய்யுங்கள். நெல் கதிர் வருகிற சமயம் வயலைக் காயவிடாமல் தண்ணீர் கட்டி வைத்தால் அரிசியில் காட்மியம் ஏறுவது குறையும். இது ஜப்பான் உழவர்கள் கைக்கொண்ட முறை. கீரைகள் உலோகத்தை அதிகம் இழுக்கும். அந்த நிலத்தில் கீரை வேண்டாம்.

பக்கத்து ஆலையில் கழிவுநீர் நிலையம் இருக்கிறது என்றால், இருக்கிறது என்ற சொல்லோடு திருப்தி அடையாதீர்கள். வண்டல் எங்கே போகிறது, பழைய கரி எங்கே போகிறது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். 1974ஆம் ஆண்டு தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 1982 முதல் நம் மாநிலத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. ஒரு விவசாயி தனியாக எழுதிய மனுவைவிட, ஊர் சேர்ந்து தேதி, இடம், தண்ணீரின் நிறம் எல்லாம் குறித்து, சோதனை முடிவையும் இணைத்து எழுதிய மனுவுக்குப் பலம் அதிகம். பாலாற்று வழக்கும் சாதாரண மக்கள் ஒன்று சேர்ந்து போட்டதுதான்.

இருநூற்று ஐம்பது வருஷக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிட்டேன். நாம் தூக்கி எறிகிற ஓட்டுக்கும் கொட்டாங்குச்சிக்கும் விஷத்தைப் பிடிக்கிற சக்தி இருக்கிறது. ஆனால் அது ஆலை வாசலுக்கு உள்ளே நிற்க வேண்டிய காவல்காரன். வாசலைத் தாண்டி வயலுக்குள் விஷம் வந்துவிட்டால் எந்தக் கரியும் கைகொடுக்காது. ஆகவே வாசலிலேயே நிறுத்தச் சொல்லிக் கேட்பது நம் பொறுப்பு. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். மண் மாதிரி எப்படி எடுப்பது, எங்கே அனுப்புவது என்று சொல்லித் தருகிறோம்.